றோலர் நாளுக்கு ஒரு ரீவி

போன கிழமையும் ஒருவர் வந்து படலையைத் தட்டினார். மன்னார்த் தீவுத் தாராபுரத்தில் புது வீடு கட்டி முடித்துவிட்டாராம்.

"ஐயா, உள்ளுக்கையே ரியூனர் இருக்கிற ரீவி எண்டால் எதை வாங்கலாம்? மாதாமாதம் காசு கட்டாமல் வாற சனல் எல்லாம் வரவேணும்."

நான் வழக்கமான நாலு கேள்வியைக் கேட்டேன். வீடு எங்கே, கரண்ட் எப்படி, யார் பார்ப்பது, எதைப் பார்ப்பது. நாலாவது கேள்விக்கு அவர் சிரித்துவிட்டார். "எதைப் பாக்கிறதோ? எல்லாத்தையும்தான்." எல்லாவற்றையும் பார்க்கிறவருக்கு எந்த ரீவியும் சரி என்று சொல்லி அனுப்பினேன். முகம் சுருங்கித்தான் போனார்.

எனக்கு அலுத்துவிட்டது. நான் வேலை பார்த்த கூட்டுறவுச் சங்கத்தில் இப்போது மின்பொருள் பிரிவைப் பார்ப்பவர்களும் தொலைபேசியில் இதையேதான் கேட்கிறார்கள். சங்கத்து மலருக்கு, "நீங்கள் எப்பிடிப் பாத்து எடுத்தனீங்கள், அதை ஒருக்கால் எழுதித் தாங்கோ" என்று மூன்று முறை சொல்லிவிட்டார்கள். எழுதலாம். ஆனால் அதை எழுதப் போனால் யேசுதாசனின் வலையைப் பற்றி எழுதாமல் முடியாது. நான் தெரிவு செய்த ரீவிகளில் மிகச் சரியானது அவனுடைய ஊருக்குக் கொடுத்ததுதான். அந்த ஒன்றைத்தான் நினைத்துப் பார்க்க விருப்பமில்லை.

நான் தொழில் பழகிய கதை பெரிய கதை அல்ல. மன்னார் நகரத்தில் ஒரு றேடியோ கடையில் ஈயம் உருக்கத் தொடங்கினேன். தபால் மூலம் படித்து ஒரு சான்றிதழும் எடுத்தேன். பிறகு சண்டைக் காலம். கரண்ட் இல்லாத ஊர்களில் சைக்கிள் டைனமோவில் றேடியோ பாட வைத்தேன்; ஓடிய இடமெல்லாம் ஈயக்கோலும் கூடவே ஓடியது. சண்டை முடிந்து சனம் திரும்பி வந்தபோது கூட்டுறவுச் சங்கம் மின்பொருள் பிரிவைத் திரும்பத் திறந்தது. என்னைத் திருத்துநராக எடுத்தார்கள். கொஞ்ச நாளில் கொள்வனவுக்கும் நானே பொறுப்பு. கொழும்பிலிருந்து எந்த ரீவியை இறக்குவது, எதை இறக்கக்கூடாது என்பதை நான் சொல்ல வேண்டும். பொது முகாமையாளர் கையெழுத்து வைக்க வேண்டும்.

பொது முகாமையாளர் எமில்டா மிஸ். என்னிலும் வயதில் இளையவர். எல்லோரும் என்னை முத்தண்ணை என்றபோது, அவர் மட்டும் கடைசிவரை "மிஸ்டர் சவிரிமுத்து" என்று முழுப்பெயரும் சொல்லித்தான் கூப்பிட்டார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது கந்தோருக்குள் வந்து சத்தம் போட்டால், கதிரையைத் தள்ளி எழுந்து போய் மின்விசிறியை நிற்பாட்டிவிட்டு வந்து இருப்பார். வெக்கையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் எவராலும் சத்தம் போட முடியாது. புது ரீவி ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினால் விலையைக் கேட்க மாட்டார். "இதை ஆர் பாக்கப் போகினம், மிஸ்டர் சவிரிமுத்து?" இதுதான் முதல் கேள்வி. என்னுடைய நாலு கேள்வியும் அவருடைய இந்த ஒன்றிலிருந்து பிறந்தவைதான்.

அந்த நாட்களில் ஆளுக்கொரு சனல் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து வந்தவர்கள் அங்கே பார்த்துப் பழகியதைக் கேட்டார்கள். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் கொழும்புச் சனல் தெளிவாக வருமா என்று கேட்டார்கள். காசு கட்டும் டிஷ் இணைப்பை எல்லோராலும் தொடர முடியவில்லை. ஆனால் இந்திய அரசு ஒரு செய்மதி வழியாகப் பல சனல்களை இலவசமாக விட்டுக்கொண்டிருந்தது. ஒரு டிஷ்ஷும் ஒரு றிசீவர் பெட்டியும் இருந்தால் எங்கள் தீவிலும் அது விழும். பிறகு அந்த றிசீவரை உள்ளேயே வைத்துக் கட்டிய ரீவிகள் வரத் தொடங்கின. அவற்றைத்தான் எல்லோரும் தேடினார்கள்.

அதற்கான காரணம் வேறெந்த ஊரிலும் இருக்காது என்று நினைக்கிறேன். எங்கள் ஊர்களில் றிசீவர் பெட்டி நின்ற இடத்தில் நிற்காது. திருநாள் வந்தால், சாமத்திய வீடு வந்தால், செத்தவர் வீட்டு அந்தியேட்டி வந்தால்கூட, "ஒருக்கால் உங்கடை பெட்டியைத் தாங்கோ, நாளைக்குக் கொண்டந்து தாறம்" என்று கழற்றிக்கொண்டு போவார்கள். இல்லை என்று சொன்னால் உறவு முறிந்துவிடும். போன பெட்டி ரிமோட் இல்லாமல் வரும். அல்லது வேறு பெட்டி வரும். உள்ளே கட்டிய ரியூனரை எவரும் இரவல் கேட்க முடியாது. முழு ரீவியையும் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் துணிவு வராது.

நான் பார்க்கிற முறை இதுதான். முதலில் பின்பக்கம். முன்பக்கத்தை விற்கிறவர் காட்டுவார். பின்பக்கத்தை நாங்கள்தான் திருப்பிப் பார்க்க வேண்டும். அன்ரனா வயர் செருகும் துவாரம் எல்லா ரீவியிலும் இருக்கும். அதற்குப் பக்கத்தில் புரி வெட்டிய இன்னொரு சிறிய வாய் இருக்கிறதா? டிஷ்ஷின் வயரைத் திருகுவது அதில்தான். அது இல்லையென்றால் மட்டைப்பெட்டியில் 'டிஜிட்டல்' என்று எத்தனை இடத்தில் அச்சடித்திருந்தாலும் எங்களுக்குப் பிரயோசனம் இல்லை. அந்த டிஜிட்டல் வேறு நாடுகளில் தரையில் நிற்கும் கோபுரங்களுக்கானது. எங்கள் பக்கத்தில் அப்படிக் கோபுரம் எதுவும் அப்போது இருக்கவில்லை. ஒரு மட்டைப்பெட்டியில் அந்தச் சொல்லை ஒன்பது இடத்தில் எண்ணினேன். பின்னால் புரி வெட்டிய வாயைக் காணவில்லை.

இரண்டாவது, படமும் சத்தமும் சேர்ந்து வருகிறதா என்பது. சில ரியூனர்கள் சனலின் பெயரைப் பிடிக்கும், சத்தத்தையும் பிடிக்கும், படம் கறுப்பாகவே இருக்கும். புது முறையில் சுருக்கி அனுப்பும் படத்தை விரிக்க அவற்றுக்குத் தெரியாது. ஆகவே "எண்பது சனல் பிடிக்குது" என்று திரையில் வருவதை நான் ஏற்பதில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து, படமும் சத்தமும் சேர்ந்து வருவதை மட்டும் எண்ணுவேன். மூன்றாவது, கரண்டை நிற்பாட்டி நிற்பாட்டிப் போடுவேன். எங்கள் ஊர்களில் கரண்ட் போய் வரும். வரும்போது எல்லாச் சனலையும் மறந்துவிடுகிற ரீவிகள் இருக்கின்றன. நாலாவது, நீள வயரில் போட்டுப் பார்ப்பேன். டிஷ்ஷுக்கும் கொஞ்சம் மின்சாரம் ரீவியிலிருந்துதான் போகிறது. வயர் நீண்டால் சில ரீவிகளுக்கு மூச்சு முட்டும்.

இனி யேசுதாசன்.

பேசாலைக்கு மேற்கே ஒரு சிறிய கரையூர். அங்குள்ள கடற்றொழிலாளர் சங்கத்தின் மண்டபத்துக்கு ஒரு ரீவி தருவதற்கு எங்கள் கூட்டுறவுச் சங்கம் ஒப்புக்கொண்டிருந்தது. ஒரு நாள் கந்தோருக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அந்தச் சங்கத்தின் தலைவர் பேதுரு. இரண்டு வள்ளம் வைத்திருந்தவர், தடித்த மனிதர், என்னிலும் சில வயது மூத்தவர். மற்றவன் யேசுதாசன். முப்பத்தைந்து வயது இருக்கும். சிறு பிள்ளையாக அக்கரைக்கு, தமிழ்நாட்டுக்குப் போய், மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து, அங்கே கலியாணமும் கட்டி, சண்டை முடிந்தபின் மனைவியோடு திரும்பி வந்தவன்.

பேதுரு கையை விரித்துக் காட்டினார். "ரீவி எண்டால் இவ்வளவு பெருசாய் இருக்கவேணும். திருநாளுக்கு மடுவிலை இருந்து பூசை காட்டினால் மாதாவின்ரை முகம் கடைசி வாங்கிலை இருக்கிறவனுக்கும் தெரியவேணும். கிரிக்கெற்றுக்கும் அதுதான் வசதி."

"எனக்குப் பெருசு தேவையில்லை மிஸ்," என்றான் யேசுதாசன். "அக்கரை அரசுச் சனலிலை பின்னேரம் போற செய்தி வரவேணும். காசு கட்டாமல் வரவேணும். ஒரு நாளும் நிக்கக்கூடாது."

"இவன் இன்னும் மண்டபத்தான்தான் மிஸ். அந்தச் செய்தி கேக்காட்டி இவனுக்குச் சோறு இறங்காது."

"சோறு இறங்காதுதான் தலைவர். உங்களுக்கு ரெண்டு வள்ளம். எனக்கு ஒரு வலை."

எமில்டா மிஸ் பேனையை வைத்துவிட்டு, "ஏன் அந்தச் செய்தி? விளக்கமாய்ச் சொல்லுங்கோ" என்றார்.

அவன் விளக்கினான். அக்கரையில் இருந்து பெரிய றோலர் படகுகள் கிழமைக்கு மூன்று நாள் எங்கள் கடலுக்குள் வரும். அடி மண்ணோடு வாரி இழுத்துக்கொண்டு போகும். வழியில் கிடக்கும் எங்கள் வலைகளும் அதோடு போகும். அதனால் அந்த மூன்று நாளும் எங்கள் ஆட்கள் வலை விடாமல் கரையில் இருப்பார்கள். றோலர் நாள் என்றே அதற்குப் பெயர். ஆனால் சில கிழமைகளில் அக்கரைப் படகுக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்வார்கள், அல்லது காற்றுக்குப் பயந்து அங்கே படகுகளை விடமாட்டார்கள். அந்த நாட்களில் கடல் எங்களுக்கு. இதை அறிகிற ஒரே வழி அக்கரைச் செய்தி. கிழமையில் மூன்று நாளைக் கரையில் கழிக்கிறவனுக்கு, அப்படிக் கிடைக்கும் ஒரு நாள் எவ்வளவு என்று அவன் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"முதல் வலை எப்பிடிப் போனது எண்டு சொல்லன்," என்றார் பேதுரு.

"வீட்டிலை காசு கட்டுற டிஷ் வைச்சிருந்தனான் மிஸ். வேலைநிறுத்தம் எண்டு ரெண்டு நாளாய்ச் சொன்னவங்கள். மூண்டாம் நாள் பின்னேரம் நான் கட்டின காசு முடிஞ்சிட்டுது. திரை நீலமாய் நிண்டது. முதல் நாளைப் போலத்தானே எண்டு வலையை விட்டனான். அண்டைக்குப் பின்னேரம்தான் வேலைநிறுத்தத்தைக் கைவிட்டவங்களாம். விடியப் போனால் மிதவைகூட இல்லை."

இப்போது அவனிடம் இருந்தது இரண்டாவது வலை. மீள்குடியேறியவர்களுக்கு ஒரு முறை உதவியாகக் கொடுத்தது. இன்னொரு முறை கிடைக்காது. இதுவும் போனால் தன் சின்ன வள்ளத்தைக் கரையில் போட்டுவிட்டு இன்னொருவரின் வள்ளத்தில் கூலிக்கு ஏறுவதைத் தவிர அவனுக்கு வழியில்லை. "அக்கரையிலை இருவது வருசம் கூலியாய்த்தான் கடலுக்குப் போனனான் மிஸ். அதை விட்டிட்டுத்தான் இஞ்ச வந்தனான்" என்றான்.

எமில்டா மிஸ் என்னைப் பார்த்தார். அவர் கேட்க வேண்டிய கேள்விக்கு விடை வந்துவிட்டது.

கடையில் அப்போது மூன்று ரீவி இருந்தன. மூன்றையும் அவருடைய கந்தோருக்குள் கொண்டுவரச் சொன்னார். பெரியதில் புரி வெட்டிய வாய் இல்லை. சிறியதில் எல்லாம் சரி. நடுத்தரமானது சனல்களை நன்றாகப் பிடித்தது. ஆனால் ஐந்தாவது முறை கரண்டை நிற்பாட்டிப் போட்டதும் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. அப்படியானால் சிறியதுதான் என்றேன்.

"பொறுங்கோ. செய்தியிலை இந்த விசயம் வாயாலை சொல்லுவினமோ, எழுத்திலை போகுமோ?" என்று கேட்டார்.

"கூட நேரம் கீழை ஓடுற எழுத்திலைதான் மிஸ்," என்றான் யேசுதாசன். "சின்ன விசயம்தானே அவங்களுக்கு."

எமில்டா மிஸ் எழுந்து வெளி விறாந்தையின் அந்தம் வரை ஒரு நீளமான மர வாங்கை இழுக்கச் செய்தார். மண்டபத்தில் கடைசி வாங்கு அவ்வளவு தூரம் என்று பேதுருவிடம் கேட்டு உறுதிப்படுத்தினார். அவரை அதில் இருத்தி, சிறிய ரீவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "வாசியுங்கோ தலைவர்" என்றார்.

பேதுரு கண்ணைச் சுருக்கினார். "பொன் விலை ஏறிப்போச்சுதெண்டு போகுது."

திரையில் ஓடியது மாணவர்களின் பரீட்சை முடிவு. யேசுதாசன் வாயைப் பொத்திக்கொண்டான். "தலைவர், உங்களுக்கு எப்ப பாத்தாலும் பொன்தான்."

"நீ வாய் பொத்தடா. பொன் ஏறாத நாள் எது?"

ஆகவே சிறியதும் சரிவராது. புரி வெட்டிய வாயும் வேண்டும், மறதியும் இருக்கக்கூடாது, எழுத்தும் கடைசி வாங்குக்குத் தெரிய வேண்டும். எமில்டா மிஸ் மூன்றையும் திருப்பி அனுப்பிவிட்டு நான் சொல்லும் நாலாவதைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்கச் சொன்னார். அது வரச் சில கிழமை பிடித்தது. யேசுதாசன் ஒவ்வொரு சனியும் வந்து கடை வாசலில் நின்றுவிட்டுப் போவான். அந்தக் கிழமைகளில் ஒரு முறை அக்கரையில் வேலைநிறுத்தம் நடந்து முடிந்ததாகப் பிறகுதான் தெரிந்தது. அந்தக் கரையூர் முழுக்கக் கரையில் சும்மா இருந்திருக்கிறது.

நாலாவது ரீவி வந்தது. என் முறையில் எல்லாவற்றையும் பார்த்தேன். இருபது முறை கரண்டை நிற்பாட்டிப் போட்டேன், மறக்கவில்லை. மண்டபத்தில் பூட்டப் போன அன்று பேதுரு டிஷ்ஷைப் பார்த்துச் சண்டைக்கு வந்தார். அந்தச் செய்மதி எங்களுக்குத் தென்கிழக்கே, உச்சிக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. டிஷ் மழைநீர் பிடிக்க வைத்த தட்டுப்போல் மல்லாந்துதான் கிடக்கும்.

"இந்தியா அந்தப் பக்கம் எல்லோ முத்து? நீர் என்ன, கதிர்காமத்தைப் பாத்து வைக்கிறீர்?"

"செய்தி வானத்துக்குப் போய்த்தான் வருகுது தலைவர்."

"நேரை கிடக்கிற ஊருக்கு இவ்வளவு சுத்தோ?"

ரீவியை முதலில் போட்டதும் எந்த நாடு என்று கேட்டது. பட்டியலை மேலும் கீழும் பார்த்தேன். எங்கள் நாடு இல்லை. "இந்தியா எண்டு குடுங்கோ அண்ணை," என்றான் யேசுதாசன். "எனக்கு அதுவும் பழக்கம்தானே." தேடி முடித்ததும் படமும் சத்தமும் சேர்ந்து வந்தவை எழுபத்தொன்று. அக்கரை அரசுச் சனல் அதில் இருந்தது. கடைசி வாங்கில் இருந்து பேதுரு கண்ணாடி போட்டுக்கொண்டு ஓடும் எழுத்தைப் பிழையில்லாமல் வாசித்தார். பொன் விலை அன்று குறைந்திருந்தது.

அந்த ரீவி நன்றாக உழைத்தது. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லுகிறேன் என்று நினைக்கக்கூடாது. அடுத்த மாதங்களில் இரண்டு மூன்று முறை றோலர் நாளில் வேலைநிறுத்தச் செய்தி வந்து, ஊர் முழுக்க வலை விட்டு, முழு வலையோடு திரும்பியது. ஒரு முறை யேசுதாசன் ஒரு பெரிய பாரை மீனைக் கடைக்குக் கொண்டுவந்து எமில்டா மிஸ்ஸின் மேசையில் வைத்தான். அவர் மின்விசிறியை நிற்பாட்டினார், மீன் மணம் பரவக்கூடாதென்று. பிறகு வீட்டுக்குக் கொண்டுபோனார். யேசுதாசன் அந்த வருமானத்தில் வலையில் மேலும் சில துண்டுகளைக் கூட்டினான். அவன் வைத்திருந்த எல்லாமும் அந்த வலைக்குள் போய்விட்டது.

பிறகு வாடைக்காற்றுத் தொடங்கிய ஒரு நாள். றோலர் நாள். டிஷ் வயரின் இணைப்பில் உப்புப் பிடித்துவிட்டதென்று கூப்பிட்டதால் நான் பின்னேரம் மண்டபத்துக்குப் போயிருந்தேன். இணைப்பைச் சுரண்டித் துடைத்து, ஒட்டும் ரேப் சுற்றி முடித்து உள்ளே வரவும் செய்தி தொடங்கவும் சரியாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அக்கரையில் எங்களுக்கு எதிரே இருக்கும் துறையில் வேலைநிறுத்தம், படகுகள் கடலுக்குப் போகவில்லை என்று வாயாலேயே சொன்னார்கள். வரிசையாகக் கட்டி நின்ற றோலர்களையும் காட்டினார்கள்.

யேசுதாசன் எழுந்தான். "சரி, நான் போறன்."

"இருடா," என்றார் பேதுரு. "படத்தைப் பாத்தனியோ?"

"பாத்தன். எல்லாம் கட்டிக் கிடக்கு."

"கொடியைப் பாத்தனியோ? றோலரிலை கட்டின கொடி கடல் பக்கம் பறக்குது. அங்கை தெற்காலை வாற சோழகம் அடிக்குது. வெளியிலை வந்து எங்கடை கோயில் கொடியைப் பார். வடக்காலை வாற வாடை. இந்தத் துண்டுக் கடலுக்குள்ளை காத்து ரெண்டாய்ப் பிரியுமோ? இது எப்பவோ எடுத்த படம். பழைய செய்தியைப் போட்டு ஏமாத்திறாங்கள்."

எல்லோருடைய தலையும் வெளியே கோயில் கொடியின் பக்கம் திரும்பியது. அந்த மனிதர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செய்தி வாசிப்பவர் சொல்வதை அவர்கள் பாதிதான் நம்புவார்கள். காற்றை முழுதாக நம்புவார்கள். பேதுரு சொன்னது பிழையில்லை. நானும் பார்த்தேன், கொடி கடலைத்தான் பார்த்தது.

"தலைவர், நான் அந்தத் துறையிலை கூலிக்கு நிண்டவன்," என்றான் யேசுதாசன். "எப்ப வேலைநிறுத்தம் எண்டாலும் அவங்கள் ஒரே படத்தைத்தான் போடுவாங்கள். படம் பழசு. செய்தி புதுசு. முத்தண்ணை, நீங்கள் சொல்லுங்கோ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் திரையைப் பார்த்தேன். மூலையில் அன்றைய நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கீழே அன்றைய திகதி.

"படம் எப்ப எடுத்ததெண்டு எனக்குத் தெரியாது," என்றேன். "செய்தி இண்டையான் செய்திதான்."

"பாத்தீங்களோ!" என்றான் அவன்.

"நீ போ," என்றார் பேதுரு. "என்ரை வள்ளம் ரெண்டும் கரையிலைதான் நிக்கும். கோபிக்காதையும் முத்து. உமக்கு ரீவி தெரியும், எனக்குக் கொடி தெரியும்."

மூன்று வள்ளங்கள் போயின. மற்றவர்கள் பேதுருவைப் பார்த்து இருந்துவிட்டார்கள். யேசுதாசன் போகும்போது மண்டப வாசலில் நின்று என்னிடம், "வயரை நல்லாய்ச் சுத்தினீங்களோ அண்ணை? நாளைக்கும் வேலைநிறுத்தம் எண்டால் தெரியவேணும்" என்று கேட்டான். சுற்றினேன் என்றேன்.

அடுத்த நாள் காலை யேசுதாசனின் ஊரிலிருந்து கடைக்குத் தொலைபேசி வந்தது. எமில்டா மிஸ்தான் எடுத்தார். கேட்டுவிட்டு, மேசையில் இருந்தபடியே என்னைக் கேட்டார்.

"ரீவி செற் பழுதோ, மிஸ்டர் சவிரிமுத்து?"

"இல்லை மிஸ். நேற்றுத்தான் பாத்தனான்."

"செய்தி பிழையோ?"

எனக்குத் தெரியவில்லை. இருவரும் சங்கத்து வாகனத்தில் போனோம்.

செய்தி பிழையில்லை. எதிர்த் துறைப் படகுகள் சொன்னபடியே கட்டித்தான் கிடந்தன. வந்தவை வேறொரு துறையின் றோலர்கள். அவர்கள் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. கடல் வெறுமையாக இருக்கும் என்று தெரிந்துகொண்டு, வழக்கமாகப் போகாத எங்கள் பக்கத்துக்கு வந்திருக்கிறார்கள். கரைக்கு அண்மையில் விட்டிருந்த மற்ற இரண்டு வள்ளங்களின் வலைகள் பாதி தப்பின. யேசுதாசன் கூட்டிய துண்டுகளையும் சேர்த்துத் தூரத்தில் விட்டிருந்தான். நாலு துண்டு கிடைத்தது. அவனுடைய மனைவி அவற்றை மணலில் விரித்து, கிழிந்த இடத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும், "வாங்கோ மிஸ், இருங்கோ" என்று கதிரை எடுக்க எழும்பினாள். எமில்டா மிஸ் கதிரையில் இருக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் மணலில் இருந்துகொண்டார். அவர் மணலில் இருந்து நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

பேதுரு மண்டபத்து வாசலில் நின்றார். அவருடைய வலைகள் காய்ந்தபடி முழுதாகக் கிடந்தன. "நான் கொடியைச் சொன்னனான் எல்லோ," என்றார். பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் சொன்னார். நான் விளக்கப் பார்த்தேன். கொடிக்கும் நடந்ததற்கும் தொடர்பு இல்லை, படம் பழையது, செய்தி சரி, வந்தவர்கள் வேறு ஆட்கள் என்று. அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப கொடியைப் பாத்த என்ரை வலை இருக்கு. செய்தியைக் கேட்ட அவன்ரை வலை எங்கை?" என்றார்.

பிறகு அந்த ஊரில் செய்தியைச் சத்தம் இல்லாமல்தான் பார்த்தார்கள். றோலரைக் காட்டினால் முதலில் கொடியைப் பார்ப்பார்கள், பிறகு வெளியே வந்து கோயில் கொடியைப் பார்ப்பார்கள். இரண்டும் பொருந்தினால் மட்டும் வலை விடுவார்கள். நான் போகும் நேரங்களில் ஒன்றிரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். "உமக்கு ரீவி தெரியும்" என்ற பதிலோடு நிறுத்திக்கொண்டேன். என் தொழிலில் நான் கண்டது இதுதான். புரி வெட்டிய வாய் சரி, வயர் சரி, மறதி இல்லை, எழுத்துத் தெரிகிறது. எல்லாம் சரியாக இருந்தும் ஒரு மனிதனின் வலை போய்விடும்.

யேசுதாசன் பேதுருவின் வள்ளத்தில் கூலிக்கு ஏறினான். என்னோடு அவன் கோபப்படவில்லை. கோபித்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். ஒரு மாதம் கழித்து டிஷ்ஷைப் பார்க்கப் போனபோது மண்டபத்தில் தனியாக இருந்தான்.

"அண்ணை, அந்த மற்றத் துறையின்ரை செய்தி வாற சனல் ஒண்டு இதிலை கிடக்குமோ?"

"தேடிப் பாப்பம்."

தொடக்கத்தில் இருந்து தேடவிட்டேன். பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறின. அவன் வாங்கை இழுத்துக்கொண்டு முன்னால் வந்து இருந்து, வாய்க்குள் வாசித்தான். முடிந்தபின் நான் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். எழுபத்துநாலு. முன்பைவிட மூன்று கூட. அவன் கேட்டது இல்லை.

"இப்ப மூண்டு சேந்திருக்கெல்லோ," என்றான். "அப்ப இனியும் சேருமோ?"

"சேர்க்கிறவங்கள்தான்."

"அப்ப நீங்கள் வரேக்கை ஒருக்கால் தேடிப் பாருங்கோ அண்ணை."

ஓய்வு பெறும்வரை அந்த மண்டபத்துக்குப் போகும்போதெல்லாம் தேடினேன். பேதுருவின் வலையை உதறிப் போட்டுவிட்டு, கை கழுவி அவன் வந்து முன்னால் இருப்பான். ஒவ்வொரு முறையும் ஏதாவது புதிதாகச் சேர்ந்திருக்கும். சமையல் சனல், பக்திப் பாட்டுச் சனல், நகை விற்கிற சனல். கடைசிப் பெயர் வரை வாசித்துவிட்டு அவன் எழும்புவான்.

"சரி அண்ணை. நிப்பாட்டுங்கோ."